கற்ற கையும் காத்திருக்கும் வேலையும்

(ஜமாஅத் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து நிமிடங்களுக்குமேல் பேசலாகாது என்று செயலாளர் அவர்கள் அன்போடு எச்சரித்திருக்கிறார்கள். வகுப்பறையில் மணி அடிக்கும்வரை பேசிப் பழகியவனுக்கு இது சற்றுக் கடினமான நிபந்தனைதான். முயன்று பார்க்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "மனித மூலதனமும் நாட்டின் வளர்ச்சியும்" என்பது. மூலதனம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கடையும் சரக்கும் கல்லாப்பெட்டியும்தான். மனிதனை அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்வது காதுக்கு உறுத்தும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைமையுரையில் இச்சொல்லை முன்வைத்த தியோடர் ஷுல்ட்ஸ் என்ற அறிஞருக்கும் அந்த உறுத்தல் தெரிந்தே இருந்தது. மனிதரை முதலீட்டுப் பொருளாகப் பேசுவது சிலர் மனத்தைப் புண்படுத்தும் என்பதை அவரே அந்த உரையில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் சொன்ன செய்தி எளியது. இரண்டாம் உலகப் போரில் ஆலைகளும் நகரங்களும் இடிந்து தரைமட்டமான நாடுகள், எதிர்பார்த்ததைவிட விரைவாக எழுந்து நின்றன. கட்டடம் போயிற்று, கட்டடத்தில் வேலை செய்தவர்களின் கைத்திறனும் படிப்பும் போகவில்லை. அந்தத் திறனும் ஒருவகைச் சொத்து; அதற்குச் செலவிடுவதும் ஒருவகை முதலீடு என்றார் ஷுல்ட்ஸ்.

1979ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு ஷுல்ட்ஸுக்கும் ஆர்தர் லூயிஸ் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லூயிஸ், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயிண்ட் லூசியாவில் பிறந்தவர். ஏழை நாடுகளில் வயலிலும் சிறுகடைகளிலும் தேவைக்கு மிஞ்சி ஆட்கள் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களை இழுத்துக்கொள்ளும் தொழில்கள் பெருகினால்தான் நாடு வளரும் என்று 1954இல் எழுதியவர். ஒருவர் கையைப் பார்த்தார். மற்றவர் அந்தக் கைக்குக் கிடைக்கும் வேலையைப் பார்த்தார். பரிசுக் குழுவினர் எண்ணித்தான் இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினார்களோ, நானறியேன். ஆனால், படிப்பை மட்டும் பேசி வேலையை மறந்தவர்களும், வேலையை மட்டும் பேசிப் படிப்பை மறந்தவர்களும் பிற்காலத்தில் இடறி விழுந்ததைப் பார்க்கும்போது, அந்தப் பொருத்தம் எனக்கு வியப்பூட்டுவதுண்டு.

இதை ஒரு நாட்டின் கதையைக் கொண்டு விளக்குகிறேன். பங்களாதேஷைத்தான் சொல்கிறேன். 1971இல் போரின் நடுவே பிறந்த நாடு. புயலும் பஞ்சமும் அடுத்தடுத்து வாட்டிய நாடு. சணலைத் தவிர உலகச் சந்தையில் விற்பதற்கு அதனிடம் பெரிதாக எதுவும் இல்லை. அந்த நாடு இன்று உலகின் பெரும் ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர்களுள் ஒன்று. 2018-19 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் மதிப்புள்ள ஆடைகள் அங்கிருந்து கப்பலேறின. நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதுதான். நம் திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் பெருமூச்சோடு இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? 130 பேரோடு தொடங்கியது.

1974இல் பணக்கார நாடுகள் துணி, ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக உச்சவரம்பு விதித்தன. தென் கொரியாவின் பங்கு நிரம்பிவிட்டது. எனவே தேவூ என்ற கொரிய நிறுவனம், உச்சவரம்பு கட்டுப்படுத்தாத ஒரு நாட்டைத் தேடிற்று. அரசுப் பணியிலிருந்து விலகித் தொழிலில் இறங்கிய நூருல் காதிர் என்பவர் சிட்டகாங்கில் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1978இல் அந்தக் கொரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்தத்தின் உயிர்நாடி இயந்திரமன்று, பயிற்சி. 130 பங்களாதேஷ் ஊழியர்கள் 1979இல் கொரியாவின் புசான் நகருக்குச் சென்று ஏறத்தாழ ஆறு மாதம் பயின்றார்கள். வெட்டுவது, தைப்பது மட்டுமல்ல. தரம் பார்ப்பது, கணக்கெழுதுவது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது, வங்கியில் கடனுறுதிக் கடிதம் திறப்பது எல்லாம் அதில் அடக்கம். 1980இல் உற்பத்தி தொடங்கிய முதல் ஆண்டில் அவர்கள் தைத்தவை 43,000 சட்டைகள்தாம்.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அந்த 130 பேரில் 115 பேர் 1987ஆம் ஆண்டுக்குள் தேஷ் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார்கள். முதலாளியின் கோணத்தில் பார்த்தால் இது பேரிழப்பு. "செலவழித்துப் பயிற்சி கொடுத்தேன்; எல்லோரும் ஓடிவிட்டார்கள்" என்று நம்மூர்ப் பட்டறைக்காரர்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஓடியவர்கள் எங்கே ஓடினார்கள்? சிலர் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார்கள். சிலர் புதிதாக முளைத்த தொழிற்சாலைகளில் மேலாளர்களானார்கள். 1985 வாக்கில் அந்நாட்டில் ஏறத்தாழ 700 ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இருந்தன. ஒருவர் தலையில் இருந்த அறிவு, அவர் இடம் மாறியதால், நூறு இடங்களில் விதையாயிற்று. தேஷ் நிறுவனத்தில் விலகக் கூடாதென்று அவர்களைக் கட்டிப்போட்டிருந்தால், நல்ல சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலை மிஞ்சியிருக்கும். ஒரு நாட்டின் தொழில் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

நண்பர்களே, தொழிலாளர் சந்தை என்று நூல்களில் படிப்பது இதைத்தான். ஒருவன் தன் திறனை எடுத்துக்கொண்டு, அதற்குக் கூடுதல் மதிப்புள்ள இடத்துக்குப் போக முடியுமா, முடியாதா? எல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இனிப் பெண்கள் பக்கம் வருகிறேன். ஆடைத் தொழிலில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து இளம்பெண்கள். 1994இல் பங்களாதேஷ் அரசு நாடெங்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் கிராமப்புறப் பெண்ணுக்கு உதவித்தொகை. நிபந்தனை மூன்று: நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை, நாற்பத்தைந்து விழுக்காடு மதிப்பெண், திருமணம் ஆகாதிருத்தல். மூன்றாவது நிபந்தனையின் நுட்பத்தைக் கவனியுங்கள். பள்ளிகளில் பெண் பிள்ளைகள் பெருகினார்கள். உதவித்தொகையால்தான் பெருகினார்கள் என்றே நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன்.

பின்னர் ரேச்சல் ஹீத், முஷ்பிக் முபாரக் என்ற இரு ஆய்வாளர்கள் டாக்காவைச் சுற்றியுள்ள 60 கிராமங்களில் 1,395 குடும்பங்களைக் கேட்டறிந்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதைப் படித்தபின் என் கருத்தைத் திருத்திக்கொண்டேன். ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் தொலைவிலுள்ள ஊர்களில் பெண்களின் திருமண வயதும் முதல் மகப்பேற்றின் வயதும் தள்ளிப்போயின. சிறு வயதுப் பெண்கள் பள்ளியில் நீடித்தார்கள். ஏன்? தொழிற்சாலையில் எழுத்தும் கணக்கும் தெரிந்தவளுக்குக் கூடுதல் ஊதியம் என்பதைப் பெற்றோர் கண்ணால் கண்டார்கள். பக்கத்து வீட்டு அக்காள் மாதச் சம்பளம் கொண்டுவருவதைவிட வலுவான கல்விப் பிரச்சாரம் எது? உதவித்தொகையின் விளைவைவிட இந்த வேலைவாய்ப்பின் விளைவே பெரிதாக இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. மறுபக்கத்தையும் அவர்கள் மறைக்கவில்லை: பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள் சிலர் அதே வேலைக்காகப் படிப்பை விட்டார்கள்.

உதவித்தொகை வழங்கும் மேடையில் நின்றுகொண்டு உதவித்தொகையைக் குறைத்துப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். தொகையை வாங்கும் பிள்ளை, அதன் மறுமுனையில் ஒரு வேலையைக் காண வேண்டும்; அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

வேலை என்றால் எந்த வேலையும் போதுமா? 2013 ஏப்ரல் 24ஆம் நாள் டாக்காவுக்கு அருகே சாவரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று. மேல்தளங்களில் தையல் வேலை செய்தவர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே போகும்படி கட்டளையிடப்பட்டார்கள். இரு தரப்பாரும் பார்த்தது ஒரே விரிசலைத்தான். வங்கி ஊழியருக்குக் கிடைத்த பாதுகாப்பு, தையல் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. மாதச் சம்பளத்தை இழப்போம் என்ற அச்சத்தில் மறுத்துப் பேசவும் அவளால் முடியவில்லை. கையில் திறன் இருந்தும் பேரம் பேசும் வலு இல்லாத தொழிலாளர் சந்தை இப்படித்தான் இருக்கும். அந்தத் துயரத்துக்குப் பிறகே கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆகவும், 2018இல் 8,000 ஆகவும், 2023 இறுதியில் 12,500 ஆகவும் உயர்ந்தது.

கதை இதோடு முடியவில்லை. பள்ளியில் நீடித்த பிள்ளைகள் கல்லூரிக்கும் வந்தார்கள். ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள். ஆனால் நாட்டின் பெருந்தொழில் தையல் மேசைக்கு ஆள் கேட்டதே தவிர, பட்டதாரிகளை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. அவர்கள் அரசு வேலையின் வாசலில் நின்றார்கள். அந்த வாசலிலோ 56 விழுக்காடு இடங்கள் பல்வகை ஒதுக்கீட்டில் இருந்தன. அதில் 30 விழுக்காடு விடுதலைப் போராட்ட வீரர்களின் வழியினருக்கு. 2018 போராட்டத்தின்பின் நீக்கப்பட்ட அந்த ஒதுக்கீட்டை 2024 ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. ஜூலையில் மாணவர் போராட்டம் வெடித்தது. ஒடுக்குமுறையில் 1,400 பேர்வரை இறந்திருக்கக் கூடும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. ஆகஸ்ட் 5ஆம் நாள் பிரதமர் நாட்டைவிட்டே வெளியேறினார். அரசியல் காரணங்கள் பலவும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் தீப்பொறி, படித்த இளைஞனுக்குக் கிடைக்காத வேலையில்தான் விழுந்தது.

எகிப்து இதே பாடத்தை வேறு வழியில் படித்தது. பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அரசு வேலை உறுதி என்று 1960களில் அங்கே சட்டமே இயற்றினார்கள். நல்ல எண்ணம்தான். விளைவு? பிள்ளைகள் தொழிலுக்காகப் படிக்காமல் வரிசையில் நிற்கும் தகுதிக்காகப் படித்தார்கள். வரிசை நீண்டது, காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. படிப்பு பெருகியும் உற்பத்தி அதற்கேற்ப உயரவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம்மூரின் தொழிலாளர் சந்தை கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. வீட்டுக்கொரு சபுராளி உள்ள ஊர் இது.

என் மூத்த காக்கா 1984இல் சபர் போனார்கள். பள்ளி இறுதித் தேர்வில் தவறியவர்கள். ஆனால் ஒரு மாடி வீட்டுக்கு மின்கம்பி முழுவதையும் ஒற்றையாளாக இழுத்து முடிப்பார்கள். ஊரில் பாதி வீடுகளில் அவர்கள் கைவேலை இன்றும் எரிகிறது. கையில் சான்றிதழ் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் "ஹெல்பர்" என்று எழுதினார்கள். செய்ததோ எலக்ட்ரீஷியன் வேலை. வாங்கியதோ ஹெல்பர் சம்பளம். இரண்டாம் ஆண்டில் வேறொரு நிறுவனம் எலக்ட்ரீஷியன் பதவியிலேயே எடுத்துக்கொள்ள முன்வந்தது. காக்காவின் முதலாளி ஆட்சேபணையில்லாக் கடிதம் தர மறுத்துவிட்டார். பதினொரு ஆண்டுகள் அதே இடம், அதே பெயர். அந்தப் பதினொரு ஆண்டுச் சம்பளத்தில்தான் நான் முதுகலை படித்தேன் என்பதால், இதை என்னால் வெறும் புள்ளிவிவரமாகப் பார்க்க முடிவதில்லை.

காக்காவுக்கு நேர்ந்த இழப்பைப் பின்னாளில் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2011 முதல் ஒரு விதியைத் தளர்த்தியது: ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளி, பழைய முதலாளியின் அனுமதியின்றியே வேறிடம் மாறலாம். சுரேஷ் நாயுடு முதலிய மூவர் செய்த ஆய்வின்படி, அதன்பின் அத்தகைய தொழிலாளரின் வருவாய் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடியது. வியப்பென்னவென்றால், பெரும்பாலோர் இடம் மாறவேயில்லை. மாறிவிடுவானோ என்ற எண்ணமே பழைய முதலாளியைச் சம்பளம் கூட்ட வைத்தது. புதிதாக ஆள் எடுப்பது சற்றுக் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாட்டு விதிகளை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் விமானம் ஏறுமுன் கையில் என்ன இருக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு இன்றைய விதிப்படி குடியேற்றச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டே கிடைக்கிறது. சவூதி அரேபியா 2021இல் திறன் சரிபார்ப்புத் தேர்வைத் தொடங்கி, மின்பணி, குழாய்ப்பணி, வெல்டிங் போன்ற தொழில்களுக்கு இந்தியாவிலேயே தேர்வு நடத்தும் நிலைக்கு வந்துவிட்டது. "போய்ப் பழகிக்கொள்ளலாம்" என்ற காலம் மலையேறுகிறது.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. நம் கல்வி நிதியை வழங்கும்போது பொறியியல் பட்டத்துக்குத் தாராளமாகவும், ஐ.டி.ஐ. படிப்புக்குக் கை சுருக்கியும் நடந்துகொள்கிறோம். அறிவிப்புப் பலகையிலும் பட்டம் பெற்றவர் படம்தான். ஐ.டி.ஐ.யில் சேரும் பிள்ளை ஏதோ தோற்றவன்போல் தலைகுனிந்து விண்ணப்பம் தருகிறான். இதை நான் இந்த அலுவலகத்திலேயே பார்த்தேன். இது மாற வேண்டும். ஏற்கெனவே தொழில் தெரிந்த, ஆனால் தாள் இல்லாத இளைஞர்கள் நம் தெருக்களில் குறைந்தது முப்பது நாற்பது பேராவது இருப்பார்கள். முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் அரசுத் திட்டம் 2015 முதல் உண்டு. அவர்களைக் கணக்கெடுத்துத் தேர்வுக்கு அனுப்ப ஆகும் செலவு, ஒரு பொறியியல் மாணவனின் ஓராண்டுக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. பொறியியலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முன்வரிசையில் இருக்கும் சிலர் என்னை வீட்டுக்கு நடந்தே போகச் சொல்லிவிடுவார்கள்.

கடை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். வேலை கற்றுக்கொண்டு விலகும் பையனை நன்றிகெட்டவன் என்று ஏசாதீர்கள். அவன் கேட்கும்போது, "இத்தனை ஆண்டு இன்ன வேலை செய்தான்" என்று கடைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். என் காக்காவிடம் இல்லாமல் போனது அந்த ஒரு தாள்தான்.

பேச்சு முடியும் தறுவாயில் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன்: "என் மகள் பத்தாம் வகுப்பில் 460 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அறிவியல் பிரிவு உள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளி 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சிறப்பு வகுப்பு ஆறு மணிக்கு முடிகிறது; நம்மூருக்குக் கடைசிப் பேருந்து ஐந்து பத்துக்கு. என்ன செய்வது?"

டாக்காவுக்கும் புசானுக்கும் போய்வந்த என்னிடம் இதற்குப் பதில் இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் வராத பேருந்தில் கட்டணமில்லாமல் இருந்து என்ன பயன்? இதே நிலையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தாய்மார்கள் கை உயர்த்தினால், எண்ணிச் சொல்ல ஒருவரை அனுப்புங்கள். பதினேழு என்கிறார்கள். பதினேழு பேர் என்றால் அது ஒரு வேன். தலைவர் அவர்கள் என் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள். பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒலிபெருக்கியை அவர்களிடமே கொடுத்து அமர்கிறேன்.

(தலைவர் அவர்கள் எழுந்து, வேன் வாடகையில் பாதியைக் கல்வி நிதியிலிருந்து ஏற்பது குறித்து அடுத்த வெள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக வைப்பதாக அறிவித்தார்கள்.)